லண்டனில் டிசைன் படிக்கிறேன். எதைச் செய்தாலும் ‘ஏன்?’ என்கிறார்கள்

மதிப்பிற்குரிய மேடம்,

என் ஊர் நாகர்கோவில் பக்கம். லண்டனில் கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே வாராவாரம் ‘கிரிட்’ என்று ஒன்று நடக்கும். செய்த வேலையை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். வகுப்பே சுற்றி நின்று கருத்துச் சொல்லும். என் முறை வந்தால் ஆசிரியை ஆரம்பித்துவிடுவார். ஏன் இந்த எழுத்து, ஏன் இந்த நீலம், இது யாருக்கு? ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்தது அவருக்குத் தெரியுமா? வெள்ளைத் தாள், மூலையில் சின்ன எழுத்து, நிறைய வெற்றிடம் என்று இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். அப்படியும் ‘ஏன்?’

ஒரு சிறு புத்தகம் செய்யச் சொன்னார்கள். 18 பக்கத்துக்குச் செய்து கொண்டுபோனால், நடுவில் பின் அடிக்கப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும் என்று பிரிண்ட் அறையில் திருப்பி அனுப்பினார்கள். அவசரமாக 20 ஆக்கினேன். வெட்டி வந்தபோது ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. திரையில் பளிச்சென்று இருந்த நீலம் தாளில் மங்கிப்போயிருந்தது. அதையும் எல்லார் முன்னாலும் வைத்துப் பேசினார்கள். ஒரு கொரியப் பெண்ணின் வேலையையும் அன்றைக்கு விட்டுவைக்கவில்லை. ஆனால் அவள் குறிப்பு எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள், என்னால் முடியவில்லை. ஊரைப் பார்த்துத்தான் இப்படி நடத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.

அறை வாடகை கொடுத்தபின் கையில் ஒன்றும் நிற்பதில்லை. சனி, ஞாயிறு ஒரு ஹோட்டலில் வேலை. இன்னும் கூடுதல் நேரம் வா, கையில் காசாகத் தருகிறேன் என்கிறார் முதலாளி. அம்மாவிடம் பேசினால், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் பேச்சுதான். “அவ வீட்டுக்கு மாடி எடுத்தாச்சு, நீ படம் வரைஞ்சு என்ன ஆகப்போவுது?” அப்பா கடையை அடைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார். இங்கே அப்போது நாலரை, இருட்டிக் கிடக்கும், பேச மனசு வராது. அவர் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார், இங்கே யாராவது கேட்டால் பிசினஸ் என்று சொல்லிவிடுவேன். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குச் செய்த போர்டைப் படம் எடுத்து, “எழுத்து சரியா இருக்கா மக்கா?” என்று அனுப்பியிருந்தார். அதற்கு இன்னும் பதில்கூடப் போடவில்லை, நேரம் எங்கே இருக்கிறது? கூட இருப்பவள் விடிய விடிய போனில் பேசுகிறாள், தூக்கமும் சரியில்லை.

நான் உழைக்காமல் இல்லை மேடம். மற்றவர்களைவிட அதிக நேரம் உட்காருகிறேன். அப்புறமும் எனக்கு மட்டும் ஏன் இப்படி? படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா?

— நாகர்கோவில் பெண், லண்டன்


அன்பு மகளுக்கு,

ஆசிரியை, முதலாளி, அம்மா, சித்தி மகள், அறைத்தோழி என்று எல்லோரையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறாய். அப்பா அனுப்பிய படத்துக்கு மட்டும் இரண்டு வரி. என் கண் அங்கேதான் நின்றது. ஒரு பதில் போட அரை நிமிடம் போதும். உன்னைத் தடுத்தது நேரம் இல்லை.

அந்த போர்டைப் பார்த்ததும் உனக்குள் ஒரு தீர்ப்பு வந்திருக்கும். கத்தும் நிறங்கள், எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைக் கோடு, மூச்சுவிட இடமில்லாமல் முகங்கள். அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டாய். ‘பிசினஸ்’ என்று சொல்வதும் அதே தீர்ப்புதான். பிறகு கிரிட்டில் ஆசிரியை ‘ஏன்?’ என்று கேட்கும்போதெல்லாம், அப்பாவின் வேலைக்கு நீ எழுதி வைத்த தீர்ப்பை யாரோ உன் மேல் வாசிப்பதுபோல உனக்குக் கேட்கிறது. கொரியப் பெண்ணுக்கு அது கேள்வியாகவும் உனக்கு அவமானமாகவும் ஆவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பார்த்து நடத்துகிறவர்கள் உலகத்தில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் கடிதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ‘இது யாருக்கு?’ என்பது டிசைன் வகுப்பில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாயே, அப்புறம் அதற்கு என்ன பதில் சொல்வாய்? இந்த இடத்தில் நான் ஆசிரியை பக்கம்.

அந்தக் கேள்விக்கு உன் அப்பாவிடம் பதில் உண்டு. ஓடும் பேருந்தில் இருப்பவர் சில நொடிக்குள் படிக்க வேண்டும், அதனால் பெரிய எழுத்து. பின்னால் படம் இருப்பதால் எழுத்து அதில் கரைந்துபோகும், அதனால் வெள்ளைக் கோடு. புனிதர் பெரிது, ஆயர் அடுத்து, பங்குத்தந்தை அடுத்து, செலவு ஏற்றவர்கள் கீழே வரிசையாய். எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று உன் வகுப்பில் பாடமாக நடத்துகிறார்களே, அதை அவர் திருவிழாக் கமிட்டியோடு உட்கார்ந்து, யார் மனமும் கோணாமல் முடிவு செய்கிறார். 10 அடிக்கு 8 அடி போர்டை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் செய்தால், 72இல் செய்வதைவிட ஃபைல் ஏறத்தாழ 17 மடங்கு பெருத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அது வீண் என்று அவருக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நிற்கும் போர்டாக இருந்தால் சட்டத்தைப் பலப்படுத்தவும், காற்று புக அங்கங்கே கீறிவிடவும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் டிசைன்தான்.

நீ தினமும் பார்க்கும் பாதாள ரயில் நிலையங்களின் எழுத்தையும் யோசித்துப் பார். எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்து 1916இல் வந்தது. சுற்றியிருக்கும் விளம்பரங்களுக்கு நடுவே நிலையத்தின் பெயர் தனித்துத் தெரிய வேண்டும் என்பது அதன் தேவைகளில் ஒன்று. அதுவும் வழிப்போக்கர் படிப்பதற்காகச் செய்த போர்டு எழுத்து. லண்டன் அதைப் பெருமையோடு இன்றும் வைத்திருக்கிறது.

அப்பாவின் போர்டில் குறையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. இடத்தை நிரப்ப எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் பழக்கம் பிளெக்ஸ் கடைகளில் பரவலாக உண்டு. இழுத்தால் நிமிர்ந்த கோடு தடிக்கும், படுத்த கோடு அப்படியே நிற்கும், எழுத்து கோணலாகும். அப்படி இருந்தால் சொல். “எழுத்து சரியா?” என்று அவர் கேட்டது பாராட்டுக்காக மட்டும் இல்லை. படித்த மகளிடம் தொழில் பேச ஆசைப்படுகிறார். இன்று ராத்திரி பத்து மணிக்கு அவர் கூப்பிடுவதற்குள் நீயே கூப்பிடு. அகலமான எழுத்து வேண்டுமென்றால் இழுக்காமல் அகலமான ஃபாண்டையே எடுக்கச் சொல். எந்த அளவு எழுத்து எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள். அடுத்த வேலையை நாகர்கோவில்காரர் ஒருவரை மனதில் வைத்துத் தொடங்கு, கேள்விக்குப் பதில் தானாக வரும். இனி யாராவது கேட்டால் பிளெக்ஸ் கடை என்றே சொல்.

புத்தக விஷயம் சின்னது. பின்னணி நிறத்தை வெட்டு எல்லைக்கு வெளியே நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் நீட்டிவிட்டால் வெள்ளைக் கோடு வராது. திரையின் ஒளிரும் நீலம் அச்சின் நாலு மையில் கிடைக்காது. தொடக்கத்திலேயே அந்த நாலு மைக்கான நிற முறையில், சிஎம்ஒய்கேயில் வேலை செய், ஒரு துண்டுத் தாளில் சோதனை பிரிண்ட் எடுத்துப் பார்.

முதலாளி சொல்வதற்குத் தலையாட்டாதே. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. கையில் காசாக வாங்கினாலும் அது கணக்கில் சேரும், மீறினால் விசாவே போகலாம். அறைத்தோழியிடம் நேராகப் பேசு. அதன் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாமல் இருந்தால், பக்கத்து ஜிபி மருத்துவரிடம் பதிந்துகொண்டு போ. அதற்கான கட்டணத்தை விசாவோடு கட்டித்தான் போயிருக்கிறாய். பல்கலைக்கழகத்தின் ஆலோசகரையும் கேட்டுப் பார்.

படிப்பை விடுவதை இருட்டும் தூக்கக் குறைவும் இருக்கும்போது முடிவு செய்யாதே. இந்தப் பருவத்து வேலைகளை ஒப்படைத்து மதிப்பெண் வரட்டும். அப்போதும் ஊருக்கு வரத் தோன்றினால், முதலில் அப்பாவிடம் பேசு, பிறகு எனக்கு எழுது.