18 முத்திரை போட்ட கேமைச் சிறுவனுக்கு விற்றால் குற்றமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, 8-ம் வகுப்பு. வீட்டுப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் 600 ரூபாய் கொடுத்து ‘ஜிடிஏ 5’ கேம் வாங்கிப் போட்டிருக்கிறான். சுடுவதும் ஆள்மேல் காரை ஏற்றுவதும்தான் அதில் முழுக்க. 18 வயதானவர்களுக்கான கேம் என்று பிறகுதான் தெரிந்தது. பத்தே நாளில் அது திறக்கவும் இல்லை. போதாக்குறைக்கு, என் கணவரின் போனிலிருந்து வேறொரு மொபைல் கேமுக்கு ஒன்பது தவணையில் 4,300 ரூபாய் போயிருக்கிறது. பால் வாங்க அனுப்பும்போது அவர்தான் யுபிஐ பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்திருந்தார். கடைக்காரர் மீது போலீஸில் புகார் கொடுக்கலாமா? பணம் திரும்ப வருமா? பையன் முரடனாகிவிடுவானோ என்று வேறு பயமாக இருக்கிறது. — ஒரு வாசகி, திருப்பூர்

பதில் தருபவர்: நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

18 என்று போட்ட கேமைச் சிறுவனுக்கு விற்றார் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கடைக்காரர் மீது வழக்குப் போட இந்தியாவில் சட்டம் இல்லை. உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் அவரைப் பிடிக்க வேறொரு வழி இருக்கிறது. முதலில் இந்த 18 விவகாரத்தை முடித்துக்கொள்வோம்.

சினிமாவுக்கு 1952-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தணிக்கை வாரியம் இருக்கிறது. ‘ஏ’ படத்துக்குச் சிறுவனை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் பதில் சொல்ல வேண்டும். ஓடிடி தளங்களுக்கு 2021-ல் விதிகள் வந்தன. கேமுக்கு அப்படி ஒரு வாரியமே கிடையாது. நீங்கள் பார்த்த 18, ‘பெகி’ என்ற ஐரோப்பிய அமைப்பு கொடுத்தது. அதே கேமுக்கு அமெரிக்காவின் ‘இஎஸ்ஆர்பி’ 17 வயது என்று ‘எம்’ முத்திரை போட்டிருக்கிறது. அந்த அமெரிக்க அமைப்பு அரசாங்கத்துடையது இல்லை. ‘மார்ட்டல் காம்பாட்’ கேமில் தெறித்த ரத்தத்தைப் பார்த்து 1993-ல் அங்கே செனட் விசாரணை நடந்தது. அரசு கையை வைப்பதற்குள் கேம் கம்பெனிகள் முந்திக்கொண்டு 1994-ல் தாங்களே அதை ஏற்படுத்திக்கொண்டன. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2005-ல் போட்ட சட்டத்தையும், கருத்துரிமைக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் செல்லாததாக்கிவிட்டது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே பெகி 12, 16, 18 போட்ட டிஸ்க்கை வயது குறைந்தவர்களுக்கு விற்பது 2012 முதல் குற்றம். முத்திரை ஒன்றுதான், அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நம் ஊரில் அது வெறும் தகவல்.

பிளே ஸ்டோரில் தெரியும் 12+, 16+ எல்லாம் எப்படி வருகின்றன தெரியுமா? கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா என்ற கேள்விகளுக்கு அவர் தரும் பதிலை வைத்து எண் வந்து விழுகிறது. கம்ப்யூட்டரில் இன்னும் வேடிக்கை. பிறந்த தேதியைக் கேட்பார்கள். 1990 என்று தட்டினால் 13 வயதுப் பையனுக்குக் கதவு திறந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சிறுவர்களுக்குக் கேடு தரும் வெளியீடுகளைத் தடுக்க 1956-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. வன்முறையையும் கொடுமையையும் காட்டும் கதைகளை 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்றால் ஆறு மாதம் வரை சிறை. ஆம், 18 இல்லை, 20. இதைக் காட்டி, “கடைக்காரருக்கு நோட்டீஸ் விட்டால் ஐம்பதாயிரம் கறக்கலாம்” என்று யாராவது உங்களிடம் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தச் சட்டம் பேசுவது புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம் பற்றி. அதற்குள் கேமைத் திணித்து வாதாடலாம்தான். ஆனால் வாதாடுபவரின் ஃபீஸை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சரி, கடைக்காரருக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பில்லின் படத்தைப் பார்த்தேன். பில் என்று சொல்வதே அதிகம். கோடு போட்ட தாளில் பேனாவால் ‘சாஃப்ட்வேர் சர்வீஸ் - 600’. கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், தேதி எதுவும் இல்லை. பையனுக்கு வந்த வாட்ஸ்ஆப் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்ட், கீழே, “பாஸ்வேர்ட் மாத்தக் கூடாது. நெட்டை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆடணும். மீறினா வாரண்டி கிடையாது.”

இதற்கு என்ன அர்த்தம்? அவர் கேமை விற்கவே இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் ‘ஸ்டீம்’ கடையில் யாருடைய பெயரிலோ இருக்கும் ஒரே கணக்கின் சாவியை நகல் எடுத்துப் பலருக்கும் விற்றிருக்கிறார். கணக்கை விற்கவோ அடுத்தவருக்குக் கொடுக்கவோ கூடாது என்று ஸ்டீமின் ஒப்பந்தமே சொல்கிறது. வாங்கியவர்களில் ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினாலும், கம்பெனியே கணக்கை முடக்கினாலும் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். பத்து நாளில் உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் “99 ரூபாய்க்கு ஒரிஜினல் கேம்” என்று கூவுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வியாபாரிகளே. பெரிய ரேங்கில் உள்ள ‘ஐடி’யை, அதாவது அடுத்தவர் ஆடி முன்னேற்றிவைத்த கேம் கணக்கை, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு, விற்றவனே மறுநாள் பழைய ஈமெயிலை வைத்துப் பிடுங்கிக்கொண்டதாக என்னிடம் வந்த கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் கையிலும் பில் இல்லை.

ஆகவே, உங்கள் புகார் ‘சிறுவனுக்கு வன்முறை விற்றார்’ என்று இருக்கக் கூடாது. ‘தனக்கு உரிமையில்லாததை விற்று ஏமாற்றினார், முறையான பில் தரவில்லை’ என்று இருக்க வேண்டும். பில் தராததே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பையன் மைனர் என்பதால் பெற்றோரான நீங்களே புகார்தாரர் ஆகலாம். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்ஆப்பில் கேட்டாலும் போதும். மசியாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். எனக்குத் தெரிந்த ஓர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, உறுப்பினர் பதவி காலி, அடுத்த வாய்தா என்று ஒரு மிக்ஸி வழக்கே இரண்டு தீபாவளியைப் பார்த்துவிட்டது. 600 ரூபாய்க்கு வக்கீல் வைக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போலீஸுக்குப் போனால்? ஏமாற்று வேலை என்று புகார் கொடுக்கலாம். ஆனால் கேம் என்றதும், “பையனைக் கண்டிச்சு வைங்கம்மா” என்று சொல்லி அனுப்பவே வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் இந்த விஷயத்தில் அதிகாரம் எப்போதுமே தப்பான கதவைத்தான் தட்டும். 2019-ல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ‘பப்ஜி’ மொபைல் கேமுக்குத் தடை போட்டு, ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களைக் கைது செய்தார்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியை முடக்கியபோது, துப்பாக்கிச் சண்டைக்காகத்தான் என்று பல பெற்றோர் நிம்மதியடைந்தார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். எந்தக் கேம் எந்த வயதுக்கு என்ற கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை.

இனி அந்த 4,300. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவும் வெள்ளைக்காரர் காலத்து உச்ச நீதிமன்றமான பிரிவி கவுன்சில் 1903-ல் தந்த தீர்ப்பும் அதைத்தான் சொல்கின்றன. “அப்படியானால் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதுதானே?” என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். கணக்கு பையன் பெயரில் இல்லை. போன் உங்கள் கணவருடையது, கூகுள் கணக்கு அவருடையது, வங்கிக் கணக்கும் அவருடையது. கம்பெனியின் பார்வையில் வாங்கியவர் 40 வயதுக்காரர். பின் நம்பரை அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்து நஷ்டமானால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் அவர் தலையில்தான். பையன் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் போட்டிருந்தால் கொஞ்சமாவது வாதாடலாம். வெளியாள் திருடியிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிப் பாதுகாப்புக் கேட்கலாம். “பாலுக்கு மட்டும்தான் பின் சொன்னேன், கேமில் விற்கும் டைமண்டுக்குச் சொல்லவில்லை” என்பது வீட்டில் எடுபடும் வாதம், வங்கியில் எடுபடாது.

அதனால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டு “சைபர் மோசடி” என்று சொல்லிவிடாதீர்கள். மோசடி செய்தவர் யார் என்று விசாரித்தால் உங்கள் 8-ம் வகுப்புப் பையன் வந்து நிற்பான். கூகுள் பிளேயிலும் இதே கண்ணி உண்டு. முன்பின் தெரியாதவர் செய்த கொள்முதலைப் புகார் செய்ய 120 நாள் தருகிறார்கள். அந்தப் படிவம் உங்களுக்கானது இல்லை. குடும்பத்தினர் தவறுதலாக வாங்கியதற்குச் சாதாரண ரீஃபண்ட் கோரிக்கைதான் வழி. அதில் உண்மையைச் சொல்லுங்கள், 13 வயதுப் பையன், எங்களுக்குத் தெரியாமல் வாங்கினான் என்று. 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் கேம் கம்பெனியிடமே கேட்கச் சொல்வார்கள், அங்கேயும் ஒருமுறை எழுதிப் போடுங்கள். ஒன்பது தவணையில் கடைசி இரண்டு மூன்று கிடைத்தாலே லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் இணையத்தில் தேடாதீர்கள். தேடினால் வருவதில் பாதி, “ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள், ஓடிபி சொல்லுங்கள்” என்கிற கூட்டம். உங்கள் போன் திரையை அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்கான ஆப் அது. 4,300 போன வீட்டில் 43,000 போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கில்தான் 1930 தேவைப்பட்டது.

பையன் முரடனாவானா என்பது என் துறை இல்லை. ஆனாலும் நோட்டீஸ் எழுதுகிற வேலையில் படிக்க வேண்டியிருந்ததால் சொல்கிறேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னது இதுதான்: இத்தகைய கேம்களுக்கும் கத்துவது, தள்ளிவிடுவது போன்ற ஆவேசத்துக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது, நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இதைப் படித்துவிட்டு ‘கேம் மீட்பு முகாம்’ நோட்டீஸோடு வருகிற ஆளிடம் பணம் கட்டாதீர்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் மூன்றும் கெட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே காட்டலாம். ஜிடிஏ 13 வயதுக்கு ஏற்றதா என்றால் இல்லை. அதைச் சொல்லும் வேலை முத்திரைக்கும் கடைக்காரருக்கும் இல்லை, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும்தான்.

இன்றைக்கே யுபிஐ பின்னை மாற்றச் சொல்லுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பேரன்டல் கண்ட்ரோலுக்குத் தனிப் பின் போட்டு, 12+ வரை மட்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு கொள்முதலுக்கும் சரிபார்ப்புக் கேட்கும்படி மாற்றுங்கள். பாலுக்குச் சில்லறையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.