பல் மருத்துவ இடம் கிடைத்திருக்கிறது. அப்பா இன்னோர் ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நான் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 19. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டு நீட் தேர்வில் மிகக் குறைவான மதிப்பெண்ணே பெற்றேன். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்து, மறுபடியும் எழுதினேன். இந்த முறை எம்.பி.பி.எஸ். இடத்துக்குச் சிறிது குறைந்துவிட்டது. ஆனால் தனியார் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்பா ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். நான் டாக்டர் ஆக வேண்டும் என்று என்னைவிட அப்பாவுக்குத்தான் ஆசை அதிகம். பெரியப்பா மகன் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அத்தை முறையுள்ள ஒருவர், "டாக்டருன்னு சொன்னிய, பல்லு டாக்டர்தானா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து, "இன்னும் ஒரே ஒரு வருசம் படி, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பயிற்சி மையத்துத் தோழிகளோ, பி.டி.எஸ்.ஸில் சேர்ந்துகொண்டே அடுத்த நீட் எழுதலாம் என்கிறார்கள். அம்மா மட்டும், உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய் என்கிறார்.

எனக்கு எது சரி என்றுதான் தெரியவில்லை. உயிரியல் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிறுநீரகம் எவ்வாறு இரத்தத்தை வடிகட்டி, வேண்டியதை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று படித்த அன்று வேறு எந்தப் பாடத்தையும் தொட மனம் வரவில்லை. ஆனால் அந்த விடுதி வாழ்க்கையை மறுபடியும் நினைத்தால் பயமாக இருக்கிறது. மாதிரித் தேர்வு நடக்கும் காலைகளில் வாந்தி எடுப்பேன். மதிப்பெண் பட்டியல் ஒட்டும் நாளில் காலையில் விழிக்காமலேயே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். இதை வீட்டில் சொன்னதில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். தேர்வு முடிந்த விடுமுறையில் ஆச்சிக்குப் பல்செட் கட்ட அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் துணைக்குப் போய்வந்தேன். மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்து ஆச்சியின் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். 'ச' வரும் இடத்தில் காற்று சீறியது. வெளியே எடுத்து, இடப்பக்கத்து முன்பல் ஒன்றைச் சூடான கத்தி முனையால் இம்மியளவு நகர்த்தினார். அடுத்த முறை ஆச்சி தெளிவாகச் சொன்னார். முக வடிவமே மாறிவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும், 'பல் டாக்டர்தானே' என்ற எண்ணம் எனக்கே வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

கல்லூரியைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் எழுதிவிட்டு வேகமாகக் கடந்துபோன ஒரு வரியில் நிற்க விரும்புகிறேன். காலையில் விழிக்காமலேயே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதை வெறும் அலுப்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. இப்போதும் அந்த எண்ணம் வருகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்கு எப்போதாவது போனதா என்று உங்களை நேராகவே கேட்கிறேன். அப்படியானால் இன்றே அம்மாவிடம் சொல்லுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும், டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு எடுத்துக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நாளை நீங்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் இதே சீட்டோடு வருகிறவர்களுக்குத்தான் மருத்துவம் பார்க்கப்போகிறீர்கள். தேர்வுக் காலையில் வாந்தி வருவதும் சோம்பலோ கோழைத்தனமோ அல்ல. பதற்றத்தை உடல் அப்படிக் காட்டுகிறது. முறையான ஆலோசனையிலும், தேவைப்பட்டால் மருந்திலும் அது குணமாகக்கூடியது.

இனி உங்கள் கேள்வி. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எம்.பி.பி.எஸ். பற்றி எழுதும் இடங்களில் அப்பா பேசுகிறார், அத்தை பேசுகிறார், பெரியப்பா மகன் வந்து நிற்கிறான்; நீங்கள் ஏறக்குறைய இல்லை. நீங்களே கண் திறந்து எதையோ பார்க்கும் இடங்கள் இரண்டுதான்: சிறுநீரகப் பாடம், ஆச்சியின் பல்செட். இதை வைத்துக்கொண்டு, பல் மருத்துவமே உங்களுக்கு ஏற்றது என்று நான் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஆனால் இந்த இரண்டையும் எடைபோட்டால்தான் உங்களுக்கு விடை கிடைக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் நடந்ததை எடைபோட்டால் கிடைக்காது.

முதலில் சிறுநீரகம். அந்தப் பாடத்தின் மேல் உள்ள பற்று உண்மையானது என்றே நம்புகிறேன். பி.டி.எஸ். முதலாண்டிலும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் உண்டு. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவமும் பொது அறுவை மருத்துவமும் உண்டு. பலர் நினைப்பதுபோல் பல்லை மட்டும் படித்துவிட்டு வெளியே வருகிற படிப்பு அல்ல அது. ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. பி.டி.எஸ். முடித்தவர் நோயாளிகளைப் பார்க்கும் மேற்படிப்புக்குப் போக விரும்பினால் அது பல் மருத்துவத்துக்குள்ளேயே உள்ள எம்.டி.எஸ்.தான்; எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் படிக்கும் எம்.டி., எம்.எஸ். பக்கம் போகும் வழி அங்கிருந்து கிடையாது. சிறுநீரகம் கெட்டுப்போய் வரும் ஒரு நோயாளியைப் பார்த்துப் பராமரிப்பதுதான் உங்கள் வாழ்நாள் விருப்பம் என்றால், பல் மருத்துவம் அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுசெல்லாது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து, அந்த டாக்டரம்மாவின் அறையில் நீங்கள் பார்த்த வேலை. நூலளவு நகர்த்தலில் ஒரு முதிய பெண்ணின் பேச்சும் முகமும் திரும்பி வந்ததைக் கவனித்தீர்கள். அதைக் கவனிக்கும் கண்ணும், செய்து பழகும் கையும்தான் பல் மருத்துவத்தின் பெரும்பகுதி. கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளில் மெழுகில் பல் செதுக்கியே விரல் மரத்துப்போகும். பின்னாளில் கழுத்து வலியும் முதுகு வலியும் வரும், ஏனென்றால் நாள் முழுவதும் குனிந்தே வேலை. ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சைக்கு ஒரே நோயாளியுடன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். இதெல்லாம் சிலருக்குச் சலிப்பு, சிலருக்கு நிறைவு. அன்றைக்கு நீங்கள் கைபேசியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

'பல் டாக்டர்தானே' என்ற சொல்லுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நெல்லையில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களைப் பார்த்தே நம் ஊர்க்காரர்கள் வளர்ந்தார்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளோ சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று தொலைவில் இருப்பதால், பல் மருத்துவர் என்ன படிக்கிறார், என்ன செய்கிறார் என்பதை நம் வீடுகளில் யாரும் அருகிலிருந்து பார்த்ததில்லை. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தாடை நொறுங்கி வருகிறவரின் எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்வதும், எம்.டி.எஸ்.ஸில் வாய், தாடை, முக அறுவைப் பிரிவு படித்தவர்களின் வேலையில் சேரும். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ள நம் பக்கத்தில், இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணையோ கன்னத்தின் உட்புறத்து வெள்ளைத் திட்டையோ முதலில் கண்டுபிடித்து, புற்றுநோய் முற்றுவதற்கு முன் மேல் சிகிச்சைக்கு அனுப்பக்கூடியவர் பெரும்பாலும் பல் மருத்துவர்தான். உங்கள் அத்தைக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை; உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வருமானத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். பல் மருத்துவர்களுக்கான அரசுப் பணியிடங்கள், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கானவற்றைவிட மிகக் குறைவு. படித்து முடித்த முதல் சில ஆண்டுகள் இன்னொருவரின் கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பது வழக்கம். சொந்தமாகத் தொடங்க நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்று முதலீடு தேவை. உங்கள் குடும்ப நிலையில் இது சிறிய செய்தி அல்ல. மறுபக்கத்தில், எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று இன்று பலரும் நிறுத்திக்கொள்வதில்லை. ஐந்தரை ஆண்டு முடிந்ததும் நீட் பி.ஜி. என்று மற்றொரு நுழைவுத் தேர்வு, அதன் பிறகு மூன்று ஆண்டு. தேர்வறையைக் கண்டாலே உடல் நடுங்கும் நிலையைச் சரிசெய்யாமல் அந்தப் பாதையில் போவது உங்களுக்குக் கொடுமையாகிவிடும்.

காலக் கணக்கில் பெரிய பயம் வேண்டாம். இப்போதே சேர்ந்தால் பயிற்சி ஆண்டையும் சேர்த்து 24 வயதில் பி.டி.எஸ். முடியும், அடுத்த ஆண்டு எம்.பி.பி.எஸ். கிடைத்தால் 25 வயதைத் தாண்டி முடியும். ஓர் ஆண்டு வீணாவதால் வாழ்க்கை வீணாகிவிடாது. நான் அஞ்சுவது அந்த ஆண்டைப் பற்றி அல்ல. அதே விடுதியில், அதே நிலையில், அப்பாவின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பையும் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் அதைக் கடப்பதைப் பற்றித்தான்.

தோழிகள் சொல்லும் நடுவழியை மட்டும் உறுதியாக வேண்டாம் என்பேன். பி.டி.எஸ். முதலாண்டு காலையிலிருந்து மாலைவரை ஆய்வுக்கூடத்திலேயே போய்விடும். இரவில் நீட் புத்தகத்தை எடுத்தால் இரண்டிலும் பின்தங்குவீர்கள். அதைவிட மோசம், ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒரு விருந்தாளியைப்போல உட்கார்ந்திருப்பீர்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, அடுத்த ஆண்டுக் கலந்தாய்வில் வரும் தடை போன்ற விதிகள் கலந்தாய்வுக்கான தகவல் குறிப்பேட்டில் உள்ளன. சேருமுன் அப்பாவோடு உட்கார்ந்து அவற்றை வரிவரியாக வாசியுங்கள்.

இந்த வாரத்துக்குள் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒரு முழு நாள் அவர் அறையில் ஒரு மூலையில் உட்காருங்கள். பல் பிடுங்குவது, அழுகிற குழந்தை, பணம் குறைக்கக் கேட்கிறவர் எல்லாவற்றையும் பாருங்கள். பெரியப்பா மகனிடமும், அவன் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருப்பவர்களிடமும், இரவுப் பணி எப்படி இருக்கும், முதல் மரணத்தைப் பார்த்த நாளை எப்படிக் கடந்தார்கள் என்று கேளுங்கள். உறவினர் ஒருவரும் இல்லாத ஊரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, இவற்றில் எந்த நாளை வாழ விரும்புகிறீர்கள் என்று பிறகு எழுதிப் பாருங்கள்.

என் எண்ணத்தைக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சொன்னால், முழு மனத்தோடு பல் மருத்துவத்தில் சேருவதே நல்லது என்று நினைக்கிறேன். கிடைக்காத எம்.பி.பி.எஸ்.ஸுக்காகச் சில நாள் அழ வேண்டியிருந்தால் அழுங்கள். அந்த வருத்தம் உண்மையானது, அதற்கும் இந்த முடிவுக்கும் பகை இல்லை. ஒருவேளை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் பொது மருத்துவம்தான் என்று உங்கள் மனம் நின்றால், நீட் தேர்வை இன்னொரு முறை எழுதுங்கள். ஆனால் பதற்றத்துக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்தே படித்து, இதுவே கடைசி முறை என்று அப்பாவும் ஒப்புக்கொண்ட பின்னர்.

அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அம்மாவும் உடன் இருக்கட்டும். மதிப்பெண்ணைப் பற்றித் தொடங்காதீர்கள். விடுதியில் வாந்தி எடுத்ததையும், மதிப்பெண் பட்டியல் ஒட்டும் நாளில் என்ன தோன்றியது என்பதையும் முதலில் சொல்லுங்கள். மகள் படும் பாடு தெரியாமல்தான் அவர் இன்னோர் ஆண்டு கேட்கிறார்; பந்தியிலிருந்து எழுந்த மனிதர் உங்கள் மேல் உள்ள கோபத்தில் எழவில்லை. பிறகு ஆச்சியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை அவரை அந்த கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தான் சந்தேகப்படுவதையெல்லாம் அவரே டாக்டரம்மாவிடம் கேட்கட்டும். சேர வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் கட்டணத்தையும் ஏற்பாடு செய்ய அப்பாவுக்கு அவ்வளவு அவகாசமாவது வேண்டியிருக்கும்.