கையுறையின் மேல் மட்டும் பழி போடலாமா?

கேள்வி: இலங்கையின் குமார் சங்கக்கார விக்கெட் கீப்பராக ஆடிய டெஸ்ட்களில் அவருடைய சராசரி 40, கீப்பிங் செய்யாத டெஸ்ட்களில் 66. இந்தச் சுமையை அவர் தலையில் கட்டி, அவருடைய நல்ல ஆண்டுகளை இலங்கை வீணடித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்வீர்களா? அவரைக் 'கீப்பர் பேட்ஸ்மேன்' என்று இன்னும் எழுதுவது அபத்தம் அல்லவா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் எண்களில் பிழை இல்லை. கீப்பர் கையுறை அணிந்த 48 டெஸ்ட்களில் 40.48, அணியாத 86 டெஸ்ட்களில் 66.78, முன்னதில் 7 சதங்கள், பின்னதில் 31. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே மாறியது கையுறை ஒன்றுதான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்களே, கணக்கு இடறுவது அங்கேதான். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையின் காலி நகர மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட்டில் இறங்கியபோது அவருக்கு வயது 22. கையுறையோடு ஆடிய காலம் பெரும்பாலும் அவர் தொழில் கற்றுக்கொண்ட காலம். அதைக் கழற்றிய காலத்தின் பெரும்பகுதி 28 வயதுக்குப் பிறகு வந்தது. எந்தப் பேட்ஸ்மேனின் வாழ்க்கையையும் இந்த இடத்தில் இரண்டாக வெட்டிப் பாருங்கள், பின்பாதி கனமாகத்தான் இருக்கும்.

கையுறைதான் ரன்களைத் தின்றது என்றால், ஒருநாள் போட்டிகளில் அது ஏன் தின்னவில்லை? 404 ஆட்டங்களில் அவர் எடுத்த 14,234 ரன்களில் 13,000-க்கு மேற்பட்டவை கீப்பராக ஆடிய ஆட்டங்களில் வந்தவை. 2015 உலகக் கோப்பையில் வங்கதேசம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து என்று வரிசையாக நான்கு ஆட்டங்களில் சதம் அடித்தபோது அவருக்கு வயது 37. அந்த நான்கில் வெலிங்டனிலும் சிட்னியிலும் எதிரணி முதலில் ஆடியது. அதாவது 50 ஓவர் குந்தி எழுந்துவிட்டு வந்துதான் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 117-உம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 104-உம் எடுத்தார். இந்த இரண்டு இன்னிங்ஸ்களையும் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

இதற்காக, டெஸ்ட்டில் கீப்பிங் ஒரு சுமையே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஒரு நாளுக்கு 90 ஓவர் என்றால் 540 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் குந்த வேண்டும், பந்து தரையில் பட்டு எழும்போது அதோடு சேர்ந்து எழ வேண்டும், பேட்ஸ்மேன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பந்து தன் கைக்கே வரப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் நம்ப வேண்டும். அவர் காலத்தில் அந்தப் பந்துகளில் பெரும் பங்கு முத்தையா முரளிதரனுடையது. முரளியின் ஆஃப் ஸ்பின் வலதுகை ஆட்டக்காரரின் உடலை ஒட்டி உள்ளே திரும்பும்போது, ஸ்டம்புக்கு நெருங்கி நிற்கும் கீப்பருக்குப் பந்து ஒரு கணம் கண்ணிலேயே படாது. அதே கையிலிருந்து வரும் 'தூஸ்ரா' என்ற பந்து எதிர்ப்பக்கம் போகும். எதிரணிக்காரர் தவறாகப் படித்தால் ஒரு விக்கெட்டோடு போயிற்று, கீப்பர் தவறாகப் படித்தால் அது நாள் முழுக்கத் தொடரும் அவமானம். இதை முடித்துவிட்டுப் பெவிலியனுக்குப் போனால் இன்னிங்ஸுக்கு நடுவே கிடைப்பது பத்து நிமிடம். ஏழாம் இடத்தில் இறங்குகிறவருக்குக் காலை நீட்டிப் படுக்கவாவது நேரம் உண்டு. சங்கக்கார இறங்கியது மூன்றாம் இடத்தில். முதல் ஓவரிலேயே ஒரு விக்கெட் விழுந்தால், கையுறையின் ஈரம் காயும் முன்பே மட்டையைப் பிடித்தாக வேண்டும்.

அந்த நிலையிலிருந்துதான் 2002 மார்ச்சில் லாகூரில், ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், பாகிஸ்தானுக்கு எதிராக 230 எடுத்தார். டெஸ்ட்டில் ஒரு விக்கெட் கீப்பர் எடுத்த மிக அதிக ரன்கள் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவர் 2000-இல் நாக்பூரில் எடுத்த ஆட்டமிழக்காத 232. அதற்கு இரண்டே ரன் குறைவு. 'கீப்பர் பேட்ஸ்மேன்' என்ற சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக வேறு என்ன பொருள் வேண்டும்? கீப்பர் பேட்ஸ்மேன்களின் பட்டியலின் தலையில் ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட்டை வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, 96 டெஸ்ட்களில் 17 சதங்கள் என்பது சாதாரணம் அல்ல. ஆனால் அவர் பெரும்பாலும் ஏழாம் இடத்தில் வந்தவர். ஒருநாள் போட்டிகளில் கீப்பராக 482 பேரை ஆட்டமிழக்கச் செய்த சங்கக்காரவை, டெஸ்ட் சராசரி மிக நன்றாக இருந்துவிட்டது என்ற குற்றத்துக்காகப் பட்டியலை விட்டு வெளியே அனுப்ப நான் தயாராக இல்லை.

2006-இல் இன்னொரு கீப்பரான பிரசன்ன ஜயவர்த்தனவிடம் டெஸ்ட் கையுறை போனது சரியான முடிவு. சங்கக்காரவுக்கு ஓய்வு கிடைத்தது என்பது அதில் பாதிதான்; ஸ்டம்புக்கு நெருங்கி நின்று முரளிக்குக் கீப்பிங் செய்வதில் பிரசன்ன அவரைவிடத் தேர்ந்தவர் என்பதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த ஜூலையிலேயே கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மஹேல ஜயவர்த்தனவோடு சேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ரன் சேர்த்தார். அதில் இவருடையது 287. உங்கள் கட்சிக்கு இது நல்ல சாட்சிதான்.

அதைவிட நல்ல சாட்சி ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள், அதையும் நானே தருகிறேன். 2003 உலகக் கோப்பைக்குப் பிறகு டெஸ்ட் கையுறை சிறிது காலம் மூத்த கீப்பரான ரொமேஷ் களுவிதாரணவிடம் திரும்பிப் போனது. 2004-இல் சங்கக்கார வெறும் பேட்ஸ்மேனாகப் புலவாயோவில் ஜிம்பாப்வேக்கு எதிராக 270, கொழும்பில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 232 என்று ஒரே ஆண்டில் இரண்டு இரட்டைச் சதங்கள் அடித்தார். அதைக் கண்ணால் பார்த்த பிறகும் கையுறையை மறுபடி அவரிடமே கொடுத்தார்கள். 2000-இல் கொடுத்ததை வீணடிப்பு என்று சொல்ல மாட்டேன். அப்போது அதுதான் அவருக்கு அணிக்குள் வர வழி. அந்த 2004-க்குப் பிறகும் ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று அன்றைய தேர்வாளர்களிடம் கேட்டால், அந்தக் கேள்வியின் கீழ் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.