வார்டில் எழுதப்படும் அந்த எண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து அப்பா வார்டில் இருக்கிறார். நர்ஸ் பிபி, பல்ஸ் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சார்ட்டில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போடுகிறார். அது என்ன?

பதில்: முன்னெச்சரிக்கை மதிப்பெண். நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதைச் சில மணி நேரம் முன்பே பிடித்துவிடுவதற்காக வந்த முறை. பரவலாகப் பயன்படுவது 'நியூஸ்' (NEWS, தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) எனப்படும் அட்டவணை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டது. 2017இல் திருத்தி 'நியூஸ் 2' ஆக்கினார்கள்.

மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா, மேல் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுத் தெளிவு, உடல் வெப்பம் என ஏழு விஷயங்கள். இயல்பாக இருந்தால் 0; விலக விலக 3 வரை போகும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். மூச்சு நிமிடத்துக்கு 22 (2 மதிப்பெண்), ஆக்சிஜன் 95 சதவீதம் (1), பிபி 108 (1), நாடி 104 (1), காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ் (1). தெளிவாகப் பேசுகிறார், ஆக்சிஜன் வைக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தாது. கூட்டினால் 6! மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டிய நிலை இது. கிருமித் தொற்று ரத்தத்தில் பரவுவது பல நேரம் இப்படித்தான் ஓசையில்லாமல் தொடங்கும்.

மதிப்பெண் 0 என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 1 முதல் 4 வரை என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 5, 6 வந்தால் மணிக்கு ஒருமுறை. 7 அல்லது அதற்கு மேல் போனால் இடைவிடாத கண்காணிப்பு, அவசர சிகிச்சைக் குழு. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது. நாள்பட்ட நுரையீரல் நோயால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கே வேறு: 88 முதல் 92 சதவீதம் வரை.

இந்த முறை சறுக்கும் இடம் மூச்சு எண்ணிக்கை. பிபி, நாடி, ஆக்சிஜன், வெப்பம் ஆகியவற்றைக் கருவி காட்டிவிடும்; இதைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அவசரத்தில் எல்லோருக்கும் 18, 20 என்று எழுதிவிடுகிறார்கள். உடலில் அமிலம் கூடினால் அதை வெளியேற்ற முதலில் வேகமெடுப்பது மூச்சுதான், ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் பிறகுதான் இறங்கும். ஆகவே இந்த ஒரு எண்ணை ஊகித்து எழுதினால் அட்டவணை முழுவதுமே கண்ணை மூடிக்கொள்கிறது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோலவே இருந்து, மார்பு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும்.

கேள்வி: வார்டு பொறுப்பு நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி மாறும்போது தகவல்கள் விட்டுப்போகின்றன. படிவத்தைப் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டாம். நீளமான படிவத்தை யாரும் படிப்பதில்லை. ஒப்படைப்பை மேசையிலிருந்து கட்டிலருகே கொண்டுபோங்கள். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று, நான்கு கேள்விகளுக்குப் பதில் பேச வேண்டும்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என்னவென்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த 'எஸ்பார்' (SBAR) முறை இது. பலரும் விடுவது நான்காவது கேள்வியை. "பொட்டாசியம் ரிசல்ட் வரவில்லை" என்றால் தகவல். "இரண்டு மணிக்குள் வராவிட்டால் லேபைக் கூப்பிடுங்கள்" என்றால்தான் ஒப்படைப்பு.

பேசும்போதே கையால் சரிபாருங்கள். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் உண்டா, பம்பில் மருந்து ஓடும் வேகமும் மருந்துச் சீட்டும் ஒத்துப்போகிறதா, சிறுநீர் சேரும் பையில் எவ்வளவு இருக்கிறது, கைப்பட்டையில் பெயர் சரியா? ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். போனில் அளவு சொன்னால் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். மற்றவர் காதில் விழக்கூடாத விஷயங்களை மட்டும் கட்டிலுக்கு வருமுன் தனியாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பார்கோடு ஸ்கேனர் வந்துவிட்டால் மருந்து மாறவே மாறாதுதானே?

பதில்: நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து ஒப்பிடும் கருவி அது. கைப்பட்டை கையில் இருக்கும்வரை மாறும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பட்டை நனைந்து படிக்க முடியாமல் போனால், நகல் எடுத்து மேசையில் ஒட்டி அதை ஸ்கேன் செய்வார்கள். அப்போது கருவி சரிபார்ப்பது மேசையைத்தான், நோயாளியை அல்ல. ஊழியரைத் திட்டுவதற்கு முன் பட்டையின் தரத்தையும் ஸ்கேனர் பேட்டரியையும் பாருங்கள்.

கேள்வி: எண்கள் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் அம்மா வழக்கம்போல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லலாமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். புதிதாகத் தோன்றிய குழப்பத்துக்கு 'நியூஸ் 2' அட்டவணையிலேயே 3 மதிப்பெண் உண்டு. அது புதியதா பழையதா என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். குடும்பத்தினரே அவசர மறுபரிசோதனை கேட்கும் வழியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 'ரயன் விதி' என்று ஏற்படுத்தியிருக்கிறது. இங்கிலாந்தில் 'மார்த்தா விதி' இருக்கிறது. அப்படி ஒரு வழி இல்லாத இடத்திலும் கேட்கலாம். "ஒரு மாதிரி இருக்கிறார்" என்று நிறுத்திவிடாதீர்கள். "காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மதியத்திலிருந்து யாரென்று தெரியவில்லை, மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்" என்று நேரத்தோடு சொல்லுங்கள்.