டாங்க்வி கஷாயமும் திடீர் வயிற்று வலியும்

கேள்வி: தென்கொரியாவில், சுவோனில் வசிக்கிறோம். கணவருக்கு (52) பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோவுடன் பெவாசிசுமாப் ஏற்றுகிறார்கள். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை ‘டாங்க்வி’ வேர் தடுக்கும் என்று இணையத்தில் படித்து, சியோல் கியோங்டாங் சந்தையில் வாங்கி ஒரு மாதமாகக் கஷாயம் கொடுக்கிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சிவப்பு ஜின்செங்கும் தரலாமா? முன்பே கொடுத்திருந்தால் பரவியிருக்காதோ? குரல் கம்முகிறது, மூக்கில் லேசாக ரத்தம் வருகிறது, பிரஷர் 150/90.

பதில்: பரவியிருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது முட்டைக்குள் நடந்த கதை. கருவுற்ற கோழிமுட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் சவ்வின் மேல் மருந்தைச் சொட்டுவார்கள். வலைபோல் ஓடும் ரத்தக் குழாய்கள் அங்கே குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். கொரிய டாங்க்வியில் உள்ள டெகர்சின் என்ற பொருள் இது போன்ற சோதனைகளில் தேறியது உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது. நீங்களோ தண்ணீரில் கொதிக்க வைக்கிறீர்கள். கொஞ்சம் உள்ளே போனாலும் கல்லீரல் அதை உடனே வேறு பொருளாக மாற்றிவிடும்.

ஜின்செங் இன்னும் வேடிக்கை. ஒரே வேரில் இருக்கும் ஆர்பி1 என்ற பொருள் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஆர்ஜி1 என்ற இன்னொன்று வளர்க்கிறது. 2004-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். உங்கள் பாட்டிலில் எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம்.

கட்டி வளர ரத்தக் குழாய் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மன் சொன்னது 1971-ல். அந்த வழியில் வந்த மருந்துதான் பெவாசிசுமாப். 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. நீங்கள் சந்தையில் தேடியது அவருக்கு ஏற்கெனவே டிரிப்பில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். இதன் சீன உறவுச் செடி, வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர்களுக்கு ரத்தம் உறைவதை மேலும் குறைத்ததாகப் பதிவுகள் உண்டு. பெவாசிசுமாபே ரத்தக் கசிவு தரக்கூடியது. அதற்கு மேல் இதுவும் எதற்கு? கொரியாவில் பாரம்பரிய மருத்துவருக்கு ஆறு வருடப் படிப்பும் அரசு உரிமமும் உண்டு. நீங்கள் அவரிடமும் போகாமல் கடைக்காரரிடம் போயிருக்கிறீர்கள்! அடுத்த முறை அந்த வேரைப் பையோடு எடுத்துப்போய்ப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

குரல் கம்முவதும் மூக்கில் லேசான ரத்தமும் பெவாசிசுமாபில் சகஜம். மூக்கை அழுத்திப் பிடித்து முன்னால் குனிந்து உட்காரட்டும். பதினைந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மருத்துவமனை. பிரஷரும் இதே மருந்தால் ஏறலாம். அளவுகளைக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரை தருவார்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: திடீரென்று வரும் கடுமையான வயிற்று வலி. புதுக் குழாய் முளைப்பதை அடக்கும் மருந்து, புண் ஆறுவதையும் அடக்கும். குடலில் பலவீனமான இடம் இருந்தால் ஓட்டை விழலாம். நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் வராது, வந்தால் உயிர் போகும் விஷயம். வயிறு பலகைபோல் இறுகும், அசைந்தால் வலி கூடும், காய்ச்சலோ வாந்தியோ சேரலாம். வாந்திக்காகக் கீமோவோடு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் வலி மழுங்கியும் தெரியலாம். ‘கேஸ்தான்’ என்று ஓமத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். வாய்வழி எதுவும் தராமல் அங்குள்ள ஆம்புலன்ஸ் எண் 119-ஐ அழையுங்கள், நள்ளிரவானாலும் சரி. கறுப்பாக மலம் போனாலும், ரத்த வாந்தி வந்தாலும் அதேதான்.

பெவாசிசுமாப் என்ற பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் கொரிய மொழியில் யாரிடமாவது எழுதி வாங்கி அவருடைய பர்ஸில் வையுங்கள். அவசர சிகிச்சை அறையில் அறுவைக்கு முன் அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.