ஏற்காட்டில் விறகு அடுப்பு காபி டிரையர். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த சூடுகாற்றுக் குழாய் வெல்டிங் ஓரத்தில் அரித்து ஓட்டையாகிறது. 321 கிரேடு போடலாமா?

போடலாம். கூடவே வெல்டிங் ராடையும் மாற்ற வேண்டும்.

304 தகட்டில் 0.08 சதவீதம் வரை கார்பன் இருக்கலாம். 425 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இந்தக் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து, உலோகத்தின் நுண் மணிகளின் ஓரங்களில் கார்பைடாகப் படிகிறது. பக்கத்தில், அரிப்பைத் தடுக்கும் குரோமியம் குறைந்துபோகிறது. வெல்டிங் ஓரம் ஒட்டும்போதே இந்தச் சூட்டு எல்லையைக் கடந்துதான் போகும். டிரையர் குழாயோ சீசன் முழுக்க இதே சூட்டில் கிடக்கிறது. எரியும்போது எதுவும் தெரியாது. அடுப்பு அணைந்த பிறகு மலையின் மூடுபனி ஈரம் புகைக்கரியில் ஊறி, குரோமியம் குறைந்த இடத்தைத் தின்னும். அதனால்தான் அடுத்த சீசனில் பற்றவைக்கும்போது ஓட்டை தெரிகிறது.

கார்பன் குறைந்த 304எல் இதைத் தள்ளிப்போடும், தடுக்காது. தவிர, இந்தச் சூட்டில் அதன் வலுவும் குறைவு. 321-ல் டைட்டானியம் முந்திக்கொண்டு கார்பனைப் பிடித்துவிடும். குரோமியம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பட்டறைகளில் தவறு நடப்பது ராடில்தான். கைவசம் உள்ள 308எல் ராடால் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் டைட்டானியம் பாதுகாப்பே இல்லை. 321 ராடும் சரிவராது, ஆர்க்கிலேயே டைட்டானியம் பெருமளவு எரிந்துவிடும். 347 ராடில் டைட்டானியத்தின் வேலையைச் செய்யும் நியோபியம் எரியாமல் நிற்கும் என்பதால் 321 தகட்டுக்கும் 347 ராடுதான்: டிக் (TIG) வெல்டிங் என்றால் ஈஆர் 347, பூச்சு ராடால் கையால் ஒட்டினால் ஈ 347-16. குழாய்க்குள் ஆர்கான் வாயு நிரப்பி ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். ஒரு வெல்டிங் ஓட்டம் 150 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே அடுத்தது. சாதா இரும்பில் தேய்த்த கிரைண்டிங் வீல் இதில் படவே கூடாது.

விரிசலும் இருந்தால் தாங்கிகளைப் பாருங்கள். 1 மீட்டர் குழாய் 600 டிகிரியில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கி ஒட்டியிருந்தால் எந்த கிரேடும் தாங்காது. ஒரு முனை நகர இடம் வேண்டும்.

சூட்டில் மேற்பரப்பு செதிலாக உரியும் விஷயத்தில் 321-க்கும் 304-க்கும் வித்தியாசம் இல்லை. அணைத்து அணைத்து எரிக்கும் அடுப்பில் இரண்டுக்கும் எல்லை 870 டிகிரிதான். தீ நேரடியாகப் படும் தகட்டுக்கு இன்னும் அதிகச் சூடு தாங்கும் 310 கேளுங்கள்.

வாங்கும்போது, சேலம் உருக்காலைத் தகடு என்று வாயால் சொன்னால் போதாது. 304-ம் 321-ம் பார்வைக்கு ஒன்றுதான், காந்தமும் பிரித்துக் காட்டாது. தகட்டின் ஹீட் நம்பர் (உருக்கிய தொகுதியின் எண்) ஆலைச் சான்றிதழில் உள்ளதோடு பொருந்த வேண்டும். அதில் 321-க்கு டைட்டானியம், கார்பன் நைட்ரஜன் கூட்டுத்தொகையைப் போல 5 மடங்காவது இருக்க வேண்டும்.

சீசன் முடிந்ததும் கரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, புகைபோக்கியின் வாயை மூடி வையுங்கள்.