ராணுவத்திலிருந்து நீதிமன்றத்துக்கு

கேள்வி: ராணுவத்தில் ஓய்வு பெற்ற பட்டதாரி நான். வக்கீலாகி, ஊர்க்காரர்களின் ஓய்வூதிய வழக்குகளை இலவசமாக நடத்தலாமா?

பதில்: தாராளமாக. மூன்றாண்டு சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. ஓய்வூதியம் வாங்குவது தடையில்லை; சம்பள வேலைதான் சிக்கல். படிக்கும்போதே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேரலாம்.

முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதிய வழக்குகள் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில்தான்: துறையின் இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் மனு போடவேண்டும். அதற்குமுன் துறைக்குள்ளேயே மேல்முறையீட்டையும் முடித்திருக்க வேண்டும்.

ஊன ஓய்வூதியமா? மருத்துவக் குழு அறிக்கையை முதலில் வாங்குங்கள். சேரும்போது குறிக்கப்படாத நோயால் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்றது தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு. ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அதன்பின் வெளிவந்தவருக்கு இந்த வாதத்தை அப்படியே நம்பி இறங்காதீர்கள்.